விண்டோஸ் சேவைகளை முடக்கினால் வேகம் கூடுமா?

கணினி மெதுவாகிவிட்டால் பலர் முதலில் கை வைப்பது, கண்ணுக்குத் தெரியாமல் விண்டோஸுக்காக ஓடும் சிறு நிரல்களான பின்னணிச் சேவைகளில்தான். 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து, பெயர் புரியாத ஒவ்வொன்றையும் 'டிசேபிள்டு' ஆக்கிவிடுகிறார்கள். என் தங்கையின் மடிக்கணினியில் நானும் அதைத்தான் செய்தேன். 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ஏறத்தாழ இருபது சேவைகளை நிறுத்தியும் பிரௌசர் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் குறையவே இல்லை.

காரணம் எளிது. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த 2001-இல் பரிந்துரைக்கப்பட்ட ரேம் 128 எம்பி. அப்போது பத்து எம்பி மிச்சமானாலும் கண்ணுக்குத் தெரிந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல், பல சேவைகள் தேவை வரும்போது மட்டுமே எழுப்பப்படுகின்றன. ஃபேக்ஸ் போல 'மேனுவல்' நிலையில் உறங்கும் சேவையை முடக்கி என்ன லாபம்? ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளும் பெரும்பாலான நேரம் வெறுமனே காத்திருக்கின்றன. காத்திருப்பதற்குப் பிராசஸர் செலவாவதில்லை.

ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில், சேவைகளைத் தாங்கி ஓட்டும் 'எஸ்விசிஹோஸ்ட்' வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில், 2017-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சேவைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியது. ஒன்று கெட்டால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

சிஸ்மெயினும் விண்டோஸ் தேடலும் மட்டும் விதிவிலக்கு. முன்பு சூப்பர்ஃபெட்ச் எனப்பட்ட சிஸ்மெயின், அடிக்கடி திறக்கும் செயலிகளை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கிறது. மற்றது கோப்புகளுக்கு அட்டவணை போடுகிறது. ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் இவை டிஸ்க்கின் பயன்பாட்டை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவதுண்டு. தங்கையின் கணினியில் சிஸ்மெயினை நிறுத்தியதும் அந்த எண் இறங்கியது. பிரௌசரைத் திறந்தேன், மறுபடி 100.

கணினி தொடங்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்அப் செயலிகளைக் குறைப்பது இதைவிட நல்ல வழி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில் அரட்டைச் செயலிகள், கேம் லாஞ்சர்கள், கிளவுட் சேமிப்பு எல்லாம் உட்கார்ந்திருக்கும். இவற்றில் சில தனியாகவே நூற்றுக்கணக்கான எம்பி ரேமை விழுங்குபவை. நிறுத்தினால் எதுவும் உடையாது, வேண்டும்போது ஒரே சொடுக்கில் திரும்ப வரும்.

ஆனால் நிஜமான மாற்றத்தைத் தந்தது, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்ட, நகரும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிதான். ஹார்டு டிஸ்க்கின் ஊசி தட்டின் மேல் அங்குமிங்கும் நகர்ந்தே படிக்க வேண்டும்; சிதறிக் கிடக்கும் தரவை விநாடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் எட்ட முடியும். சாதாரண எஸ்எஸ்டிகூட பல்லாயிரம் முறை எட்டுகிறது. ஆன் ஆக இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த தங்கையின் கணினி அரை நிமிடத்துக்குள் தயாரானது. அதன்பின் சிஸ்மெயினை மீண்டும் இயக்கினேன். எந்த வேறுபாடும் தெரியவில்லை.

முடக்குவதன் ஆபத்து எப்போதும் உடனே தெரிவதில்லை. 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்ற சேவை போனால் வைஃபை போகும், அது அன்றே தெரிந்துவிடும். ஆனால் நான் நிறுத்தியவற்றில், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரும் ஒன்று. இரண்டு மாதம் கழித்து, விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மதிப்பெண் பட்டியலின் படத்தைப் பிடிஎஃப் ஆக்கத் தங்கை முயன்றபோது, அச்சிடும் சாளரத்தில் ஒரு பிரிண்டர்கூடத் தெரியவில்லை. காகிதமே தேவைப்படாத 'பிரிண்ட் டு பிடிஎஃப்' வசதிக்கும் ஸ்பூலர் வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்றோ நான் மாற்றியதை அவள் எப்படி ஊகிப்பாள்?

அதே ஸ்பூலரை நிறுத்த நியாயமான காரணமும் உண்டு. 2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை அதில்தான் வெளிப்பட்டது. அச்சிடவே தேவையில்லாத சர்வர்களில் அதை முடக்குவது சரியானது. அது பாதுகாப்புக்கான முடிவு, வேகத்துக்கு அதில் பங்கில்லை.

முடக்கித்தான் பார்ப்பேன் என்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரு சேவையை மட்டும் தொடுங்கள். அதன் பழைய நிலை 'ஆட்டோமேட்டிக்'கா 'மேனுவலா' என்பதைத் தாளில் எழுதி, அந்தக் கணினியைப் பயன்படுத்துகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.