இலவச ரிசீவரும் சந்தா பெட்டியும்: ஒரே டிஷ் இரண்டுக்கும் போதுமா?

இலவச செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பெறும் ரிசீவருக்கும் கட்டணச் சேவையின் செட்டாப் பாக்ஸுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு டிஷ்ஷில் இல்லை, குறியாக்கத்தில் இருக்கிறது. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான தரமுறையான டிவிபி-எஸ் முறையிலோ, அதன் அடுத்த தலைமுறையாக 2005-இல் தரப்படுத்தப்பட்ட டிவிபி-எஸ்2 முறையிலோ வரும் அலையை, அந்த முறைக்கு ஏற்ற பெட்டியாக இருந்தால், இரண்டுமே பிரித்தெடுக்கும். ஆனால் கட்டண அலைவரிசைகளின் பூட்டைத் திறக்கும் சாவி, சந்தாதாரரின் ஸ்மார்ட் கார்டு வழியாகவோ பெட்டிக்குள் பதிந்த சில்லு வழியாகவோதான் கிடைக்கும்.

இலவச ரிசீவரில் அவற்றைப் பார்க்க வேண்டுமானால், அதில் மாட்யூல் (கார்டைப் படித்துப் பூட்டைத் திறக்கும் சிறு கருவி) செருகும் வசதி இருப்பதோடு, பொருந்தக்கூடிய மாட்யூலை நிறுவனமும் தந்தாக வேண்டும். பல நிறுவனங்கள் கார்டைத் தம் பெட்டியோடு பிணைத்துவிடுவதால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டே கிடக்கிறது. சந்தா பெட்டியோ குறியாக்கம் இல்லாத அலைவரிசைகளையும் காட்டக்கூடியது. ஆயினும், சந்தா நின்றதும் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வசதியைச் சில நிறுவனங்கள் முடக்கிவிடுகின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டு சேவைகளும் வானில் ஒரே இடத்திலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வந்தால் ஒரே டிஷ் போதும். ஆனால் ஒரே கேபிளைச் சாதாரணப் பிரிப்பானால் பங்கிடுவது வீண்வேலை: ஒரு பெட்டி, டிஷ்ஷின் முன் அலையைப் பிடிக்கும் கருவியான எல்என்பிக்கு 13 வோல்ட் அனுப்பிச் செங்குத்து அலையைக் கேட்கும்போது, மற்றது 18 வோல்ட் அனுப்பிக் கிடைமட்ட அலையைக் கேட்டால், ஒன்றில் படம் மறைந்துவிடும். இரட்டை வெளியீடுள்ள எல்என்பியைப் பொருத்தி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கேபிள் இழுப்பதே சரி. செயற்கைக்கோள்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் இன்னொரு எல்என்பி அல்லது இன்னொரு டிஷ் தேவைப்படும்.

கட்டண அலைவரிசைகளை எப்போதாவது மட்டும் பார்ப்பவர், இலவச ரிசீவரை நிலையாக வைத்துக்கொண்டு சந்தா பெட்டியைத் தனியே இணைப்பதையே பரிந்துரைப்பேன்.