தினக்கூலியா, மொத்தக் காண்ட்ராக்டா? ஒரு கூரையும் ஓர் அடுப்படியும்

எங்கள் வீடு பர்மாவில், யாங்கூனுக்குப் பக்கத்துத் தன்லினில் இருக்கிறது. அப்பா கட்டியது, கீழே செங்கல், மேலே மரம். கூரைத் தகரம் 2008இல் நார்கிஸ் புயல் பழையதைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு போட்டது. 2024 மழைக்கு அது சல்லடையாகிவிட்டது. சாமி மாடத்துக்கு மேலே அம்மா ஓர் அலுமினியச் சட்டியைக் கம்பி கட்டித் தொங்கவிட்டாள். தினமும் விளக்கேற்றும் முன் சட்டியை இறக்கித் தண்ணீரைக் கொட்டுவாள். அதற்குமேல் தள்ளிப்போட எனக்கு முகமில்லை.

செய்வது என்று முடிவான பிறகு, எப்படிச் செய்வது என்பதில்தான் ஒரு மாதம் போனது. இங்கே வேலை விடுவதில் மூன்று வழிகள் உண்டு. சாமான், கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்கு விடுவது முதல் வழி. சாமானை நாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலையை மட்டும் மொத்தமாகப் பேசி விடுவது இரண்டாவது. மூன்றாவது தினக்கூலி; பர்மியர் ‘நேசா’ என்பார்கள். ஆளுக்கு இத்தனை என்று பேசி, சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிக் கொடுப்பது. நான் முதல் வழியில் ஒருமுறை சூடு பட்டவன், மூன்றாவது வழியில் வீட்டை முடித்தவன். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு இல்லை.

விலை ஏன் ஏறியது என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன் ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. 2022இலிருந்து மத்திய வங்கி 2,100 என்று எழுதி வைத்திருக்கிறது. வெளிச்சந்தையில் 2024இலேயே 4,000ஐத் தாண்டிவிட்டது. நான் வாங்கிய காலத்தில் டைல்ஸ் தாய்லாந்திலிருந்து எல்லை ஊரான மியாவதி வழியாக வந்தது, குழாய்ச் சாமான் சீனத்திலிருந்து இன்னோர் எல்லை ஊரான மூசே வழியாக வந்தது. அந்தப் பாதையில் சண்டை என்று காலையில் கேட்டால் மத்தியானம் கடைக்காரர் விலைச்சீட்டை மாற்றியிருப்பார். ஆள் பஞ்சம் தனிக்கதை. 2024 பிப்ரவரியில் 18 முதல் 35 வயதுவரை ஆண்களுக்குக் கட்டாயப் படைச்சேவை என்று அறிவித்தார்களே, அதன் பிறகு சாரத்தில் ஏறும் வயசுப் பையன்களைக் காணோம். எங்கள் கொத்தனாருக்கே அறுபது வயது. அவரோடு வரும் தச்சருக்கு ஐம்பத்தைந்து.

மொத்தக் காண்ட்ராக்டின் சுகத்தை மறுக்க முடியாது. ஒரு காகிதம், ஒரு தொகை, ஒரே ஆளிடம் பேச்சு. 2023இல் குளியலறையை 45 லட்சம் கியாட்டுக்கு விட்டேன். பாதி முன்பணம். பதினைந்து நாள் மும்முரமாக நடந்தது, பிறகு நின்றுவிட்டது. கேட்டால் கம்பி விலை, சிமெண்ட் விலை, இன்னும் 12 லட்சம் வேண்டும் என்றார். என் பணத்தில்தானே முன்கூட்டி வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகுதான் தெரிந்தது, என் முன்பணம் அதற்கு முந்தைய வீட்டுக்காரரின் கூரையாகியிருந்தது. என் மிச்ச வேலைக்கு அடுத்த ஏமாளியின் முன்பணம் வரவேண்டும். பாதிக் குளியலறையை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? 9 லட்சம் கொடுத்து முடித்தேன். காண்ட்ராக்டர் எல்லாருமே இப்படி என்று சொல்லமாட்டேன். அந்த மனிதரே கெட்டவர் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஏறுகிற விலையில் மாட்டிக்கொண்டவர்.

இந்தத் தடவை கூரைக்கும் அடுப்படிக்குமாக இரண்டு இடத்தில் மொத்த விலை கேட்டேன். ஒருவர் 190 லட்சம் சொன்னார், இன்னொருவர் 235. ஒரே வீடு, ஒரே அளவு, 45 லட்சம் வித்தியாசம். எங்கள் கொத்தனாரிடம் காட்டினேன். தமிழர்தான், சவ்ட்டான் பக்கம் ஊர். இரண்டு காகிதத்தையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல சாமான் விலை கொஞ்சம்தான் தம்பி. மிச்சம் பயம். நாளைக்கு என்ன விலையோன்னு அவங்க பயப்படுறதுக்கு நீ காசு குடுக்கணும்.”

“நீங்களா இருந்தா எவ்வளவு கேட்பீங்கண்ணே?”

“நானும் அப்படித்தான் கேப்பேன். அதுனாலதான் சொல்றேன், சாமானை நீ வாங்கு.”

அதோடு என் குழப்பம் தீர்ந்தது. வேகம், தரம், தலைவலி என்று ஆயிரம் சொல்லலாம். விலை நிலையாக இருக்கிற நாட்டில் அவற்றை வைத்து முடிவு செய்யலாம். இங்கே கேள்வி ஒன்றுதான்: வேலை நடக்கும் இரண்டு மாதத்தில் ஏறப்போகும் விலையை யார் சுமப்பது? காண்ட்ராக்டர் சுமந்தால் அதற்கு முன்கூட்டியே கூலி வாங்கிக்கொள்வார். நினைத்ததைவிட விலை குறைவாக ஏறினால் மிச்சம் அவருக்கு. அதிகமாக ஏறினால் நம்மிடம் வந்து நிற்பார், இல்லையென்றால் கலவையில் கை வைப்பார். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு போட வேண்டிய பூச்சு ஒன்றுக்கு ஆறாகும். 0.35 மில்லிமீட்டர் தகரம் 0.30 ஆகும், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே நீலம்தான். எப்படிப் போனாலும் ஏறும் விலை கடைசியில் வீட்டுக்காரன் தலையில்தான் இறங்கும். அப்படியானால் அது எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சுமப்பது மேல் அல்லவா?

சாமானை நாமே வாங்குவதிலும் ஒரு வரிசை உண்டு. கையில் கியாட் இருந்தால் அது கரையும். தகரமாக மாற்றி வைத்தால் கரையாது. ஆகவே கெடாத சாமானை முதலில் வாங்கிவிட வேண்டும். தகரம், கம்பி, டைல்ஸ், குழாய் நான்கையும் வேலை தொடங்குவதற்கு முன்பே ஜனவரியில் வாங்கிக் கூடத்தில் அடுக்கிவிட்டேன். ஒரு மாதம் டைல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். மரமும் அப்படியே. பர்மா தேக்கு என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள், பர்மாவில் இருக்கிற எங்களுக்கு அது எட்டாத பழம். கூரைச் சட்டத்துக்குப் பியின்கடோ என்ற கெட்டி மரம் கேட்டேன்; 50 கன அடி ஒரு டன் என்ற கணக்கில் விலை சொன்னதும் பழைய சட்டங்களையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். தச்சர் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி, கரையான் அரித்த ஏழு சட்டங்களை மட்டும் கழித்தார். மொத்தக் காண்ட்ராக்ட் என்றால் அத்தனையும் மாறியிருக்கும், பழைய மரம் வண்டி ஏறியிருக்கும்.

சிமெண்ட் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. விலை ஏறுமே என்று வாங்கி அடுக்கினால் மூன்று மாதத்தில் வீரியம் குறையும். எங்கள் ஊர் ஈரத்தில் அதற்கு முன்பே அடிமூட்டை கல்லாகும். பலகை போட்டு, சுவரைத் தொடாமல், பத்துப் பத்து மூட்டையாகத்தான் இறக்கினேன். சாயங்காலம் வெறும் சாக்கை எண்ணுவது என் வேலை. இன்றைக்கு எத்தனை அடி பூச்சு, எத்தனை சாக்கு என்று பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். முதல் இரண்டு நாள் கொத்தனார் முகம் கோணினார். மூன்றாம் நாள் அவரே சாக்குகளை உதறிக் கட்டி என் கதவருகில் வைத்தார்.

கடைக்குப் போகும்போது தடிமன் அளக்கும் வெர்னியர் ஒன்றையும் பையில் வைத்திருந்தேன். 0.35 என்று அச்சடித்த தகரம் ஒரு கடையில் 0.31 காட்டியது. வண்ணப்பூச்சையும் சேர்த்துத்தான் அந்த 0.31. சண்டை போடவில்லை, அடுத்த கடைக்குப் போனேன். காற்று பிடித்து இழுக்கும்போது முதலில் கிழிவது இந்த மெல்லிய தகரம்தான். ஆணி வேண்டாம், ரப்பர் வாஷர் வைத்த திருகு, அதுவும் தகரத்தின் மேட்டில்தான் என்று தச்சரிடம் பிடிவாதமாக நின்றேன். ஆணிதான் சீக்கிரம் முடியும் என்றார். தினக்கூலியில் சீக்கிரம் முடித்து அவருக்கு என்ன லாபம் என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பில்தான் தினக்கூலியின் கோளாறும் இருக்கிறது. சீக்கிரம் முடிக்க அவசியம் யாருக்கும் இல்லை. கொத்தனாருக்கும் தச்சருக்கும் தலா 35,000, சித்தாள் இருவருக்கு 18,000 வீதம், ஒரு நாளைக்கு 1,06,000 கியாட். 35 நாள் என்று கணக்குப் போட்டேன், 46 ஆனது. 11 நாளுக்கு 11 லட்சத்து 66 ஆயிரம் கூடுதல். முழுப் பழியும் அவர்கள்மேல் இல்லை. மின்சாரம் நாலு மணி நேரம் வந்து நாலு மணி நேரம் போய்க்கொண்டிருந்த ஊரில், ரம்பம் ஓடாத நேரத்துக்கும் கூலி ஓடும். மொத்தக் காண்ட்ராக்டில் அது அவர் கவலை, இதில் என் கவலை. முதல் வாரம் விழித்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து மின்சாரம் வரும் நேரத்தில் அறுப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, போன நேரத்தில் பூச்சு, மண் சலிப்பு என்று மாற்றிக்கொண்டோம். நஷ்டம் பாதியாகக் குறைந்தது. காலையும் மாலையும் தேநீர், வெற்றிலை பாக்கு என் செலவு. பெரிய தொகை இல்லை. மறந்தால் மட்டும் வேலை தெரியும்படி மெதுவாகும்.

பர்மியரின் புத்தாண்டான திஞ்சானும் நம் வருஷப்பிறப்பும் ஏப்ரலில் ஒட்டி வரும். அதற்கு முன் முடியாத வேலை மாதக் கடைசிவரை முடியாது, ஊருக்குப் போனவர்கள் திரும்பினால்தானே. அது முடிந்து மே பாதியில் மழை. எந்த வழியில் விட்டாலும் பிப்ரவரி முதல் வாரம் தொடங்கியாக வேண்டும் என்பதில் மூன்று முறைக்கும் வித்தியாசம் கிடையாது.

கடைசிக் கணக்கு: சாமான் 103 லட்சம், கூலி 48 லட்சத்து 76 ஆயிரம், ஜெனரேட்டர் எண்ணெய், குப்பை ஏற்றியது, தேநீர் எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம். மொத்தம் 158 லட்சத்துச் சொச்சம். 190 சொன்னவரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 32 லட்சம் குறைவு. ஆனால் இரண்டு மாதம் என் கடையை மனைவிதான் பார்த்தாள். மத்தியானம் நான் போய் உட்காரும் நேரத்தில்தான் அவளுக்குச் சாப்பாடு. அவளுடைய இரண்டு மாதத்துக்கு என்ன விலை போடுவது என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் பூகம்பம் வந்தபோது ஆட்கள் சாப்பாட்டில் இருந்தார்கள். தண்ணீர் டிரம் தளும்பித் தரை நனைந்தது. கூரை முடிந்திருந்தது. அடுப்படிப் பூச்சில் மயிரிழைக் கீறல் இரண்டு. மண்டலேயிலும் சகாயிங்கிலும் நடந்த அழிவைப் பார்த்த பிறகு அந்தக் கீறலைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. கொத்தனாரின் தம்பி அடுத்த வாரமே வடக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார். மொத்தத் தொகை பேசி முன்பணம் கொடுத்திருந்த எங்கள் தெருக்காரர் ஒருவருக்குக் காண்ட்ராக்டர் திரும்பி வரவே மே ஆகிவிட்டது. எனக்கு மிச்சமிருந்தது ஆறு நாள் வேலை. சாமான் கூடத்திலும் ஆட்கள் தெருவிலும் இருந்தார்கள். இதை என் சாமர்த்தியம் என்று சொன்னால் பொய்.

இரண்டாவது வழி, அதாவது சாமான் நம்முடையது, வேலை மட்டும் மொத்தம் என்பதை நான் செய்து பார்த்ததில்லை. பகோவில் சித்தப்பா மகன் செய்தான். வேகமாகவே முடிந்தது. ஆனால் டைல்ஸை உடைத்து உடைத்து ஒட்டியிருக்கிறார்கள். சாமான் அவர்கள் காசு இல்லையே. ஒரு வீட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அளந்து விலை பேசக்கூடிய வேலைக்கு, இத்தனை அடி சுவர், இத்தனை சதுர அடி தரை என்று, அது சரிவரும் என்றே படுகிறது. பழைய கூரையைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத வேலைக்கு வராது.

தினக்கூலியை எல்லாருக்கும் சொல்லவும் மாட்டேன். யாங்கூனில் ஆறாம் மாடியில் இருப்பவருக்குச் சாமான் அடுக்க இடம் ஏது? காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர் சாக்கை எண்ண முடியாது. எண்ண ஆளில்லாத வீட்டில் தினக்கூலி என்பது திறந்துவிட்ட குழாய். மின்கம்பி வேலையை நானும் தனியாளிடம் மொத்தமாகவே விட்டேன், எனக்கு அதில் கண் போதாது. தூண் எழுப்பிப் புதுவீடு கட்டுவதென்றால் பொறியாளர் இல்லாமல் கொத்தனாரை மட்டும் நம்பி இறங்கக் கூடாது, அதுவும் இந்தப் பூகம்பத்துக்குப் பிறகு.

மழை விட்டதும் பின்பக்கச் சுற்றுச்சுவர் ஒன்று இருக்கிறது, அறுபது அடி. அதை இரண்டாவது வழியில் விட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். செங்கல்லை இப்போதே இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. சாக்கு எண்ணும் வேலையை அம்மா கேட்டிருக்கிறாள், சட்டி இறக்கும் வேலைதான் அவளுக்கு இல்லாமல் போய்விட்டதே.