"பேபி"யைக் கழற்றப் பத்து வாரம்: ஒரு நடிப்புப் பயிற்சி பற்றி

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டரை ஒரே ஒரு ஆசிரியைக்கு. மீதி அரை, வகுப்பைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதற்கு.

என் மகள் ஐந்து வயதிலிருந்து ஒன்பது வரை நடித்தாள். விளம்பரங்கள், மூன்று படங்கள், எல்லாம் சின்ன வேடங்கள்தான். ஒரு விளம்பரம் மட்டும் நன்றாக ஓடியதால் பார்க்கிறவர்கள் எல்லாம் "அந்தப் பாப்பாதானே" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். பத்து வயதில் போன் வருவது குறைந்தது, பதினொன்றில் நின்றே போனது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, "அடடா, வளர்ந்துட்டாளே" என்பார்கள், ஏதோ அவள் செய்த தப்பு மாதிரி. இப்போது அவளுக்கு 13.

அப்போதுதான் இந்தப் பயிற்சி கண்ணில் பட்டது. குழந்தை நட்சத்திரங்களை டீன் ஏஜ் வேடங்களுக்குத் தயார் செய்கிறோம், பத்து வாரம், வாரம் இரண்டு வகுப்பு, போர்ட்ஃபோலியோ என்கிற புகைப்படத் தொகுப்பு, ஷோரீல் என்கிற நடிப்புத் துணுக்கு வீடியோ, நடிகர்களைத் தேர்ந்தெடுக்கிற காஸ்டிங் டைரக்டரோடு சந்திப்பு, எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி இடங்கள் நிறைய இருக்கின்றன, எங்கே சேர்த்தாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

போர்ட்ஃபோலியோவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் ரொம்பப் பெருமையாகக் காட்டுவது அதைத்தான். இருபது படம் கொடுத்தார்கள். பத்துப் படத்தில் இரட்டைப் பின்னல், கையில் லாலிபாப், எட்டு வயதுக் குழந்தை. மீதிப் பத்தில் உதட்டுச் சாயம், அரைக்கண் பார்வை, பார்த்தால் 19 வயது. பதிமூன்று வயதுப் பெண் ஒரு படத்திலும் இல்லை. இதைச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் சிரித்துவிட்டு "ரெண்டு பக்கமும் வாய்ப்பு வரும் சார்" என்றார். வரவில்லை. போதாக்குறைக்கு, எடுத்த இரண்டாவது மாதமே பல்லுக்குக் கம்பி போட்டோம், அவள் இரண்டு விரற்கடை வளர்ந்தும் விட்டாள். வளர்கிற பிள்ளைக்கு எடுக்கிற போர்ட்ஃபோலியோ பால் மாதிரி, சீக்கிரம் கெட்டுவிடும். வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கவைத்து, முகத்தில் ஒன்றும் பூசாமல், போனில் நாமே எடுக்கிற படம் போதும்.

ஷோரீலும் அப்படித்தான். பழைய விளம்பரத் துணுக்குகளை முன்னால் வைத்து ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கிறவர் மனத்தில் முதலில் உட்காருவது ஏழு வயது முகம், அப்புறம் எதைக் காட்டினாலும் அந்தக் குழந்தையைத்தான் தேடுவார்கள். விண்ணப்பத்தில் வயதை 11 என்று போடச் சொன்னதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். இது புது யுக்தியும் இல்லை. ஹாலிவுட்டின் பழைய குழந்தை நட்சத்திரம் ஷிர்லி டெம்பிள் வயதில் ஒரு வருடத்தை ஸ்டூடியோவே குறைத்துக் காட்டியது. 1935 முதல் 1938 வரை அமெரிக்க வசூலில் அவர்தான் முதலிடம், 1950-ல் 22 வயதில் சினிமாவை விட்டே போய்விட்டார். குறைத்துக் காட்டிய ஒரு வருடம் எந்த மூலைக்கு?

"சாதித்தவர்கள்" என்று ஒரு ஸ்லைடு வகுப்பும் உண்டு. ஸ்ரீதேவி, கமல், ஹாலிவுட்டின் ஜோடி ஃபாஸ்டர், ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்க்ளிஃப் என்று வரிசையாகப் படம் ஓடும், பின்னணியில் உணர்ச்சிப் பெருக்கான இசை. நான் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தேன். ஸ்ரீதேவி டீன் ஏஜ் வேடத்துக்கு எங்கே மாறினார்? 1976-ல் தமிழில் கதாநாயகியாக வந்தபோது அவருக்கே 13 வயதுதான், நடித்ததோ வளர்ந்த பெண்ணாக. நடுவில் இருக்க வேண்டிய படிக்கட்டையே தாண்டவைத்துவிட்டார்கள், அதை என் மகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவதா? கமல் 1960-ல் அறிமுகமாகி ஜனாதிபதி விருது வாங்கியவர், அவரே இடையில் நடன உதவியாளராக வேலை பார்த்தார். அந்த இடைவெளி ஸ்லைடில் இல்லை. ராட்க்ளிஃப் 17 வயதில், 2007-ல் லண்டன் மேடைக்குப் போய், தன்னிடம் யாரும் எதிர்பார்க்காத வேடம் ஒன்றைச் செய்தார், அதை மட்டும் விரிவாகச் சொல்லியிருந்தால்கூடப் பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். ஹாலிவுட்டில் குழந்தை நட்சத்திரமாக இருந்த ஜாக்கி கூகன் பெயர் எங்குமே வரவில்லை. சிறுவயதில் சம்பாதித்த பணத்துக்காகப் பெற்ற தாய் மீதும் தாயின் இரண்டாவது கணவர் மீதும் 1938-ல் வழக்குப் போட்டவர், மறு வருடமே கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் வந்தது. பெற்றோரும் உட்காரும் வகுப்பில் அது வசதிப்படாது போலிருக்கிறது.

காஸ்டிங் சந்திப்பு என்பது நாற்பது நிமிட வீடியோ அழைப்பு. ஆனால் அதில் வந்த காஸ்டிங் டைரக்டர் அம்மாள் மட்டும் பூசிமெழுகாமல் பேசினார். கதையில் 15 வயது என்று எழுதியிருந்தாலும், முகம் சின்னதாக இருக்கிற 18, 19 வயதுக்காரரைத்தான் தயாரிப்பில் விரும்புவார்கள், சிறுவர்களுக்கு வேலை நேரக் கட்டுப்பாடு உண்டு, பள்ளி உண்டு, கூடவே பெரியவர் ஒருவர் வரவேண்டும், இந்தத் தொல்லை எதுவும் அவர்களிடம் இல்லை என்றார். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெற்றோரும் ஒரே நேரத்தில் குடிக்கத் தண்ணீர் எடுத்தோம். பத்து வாரத்தில் யாரும் சொல்லாத காரணம் இது. பிள்ளையிடம் குறை இல்லாவிட்டாலும் அந்த வயதுக்கு வேலையே குறைவு.

சரி, இரண்டரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன். சனிக்கிழமை வகுப்பு எடுத்த மிஸ், மேடை நாடகத்திலிருந்து வந்தவர். முதல் நாள் ஒரு சின்னக் காட்சி கொடுத்தார். பெண் தாமதமாக வீட்டுக்கு வருகிறாள், அம்மா "எங்க போன?" என்கிறார், பெண் "எங்கயும் இல்ல" என்கிறாள். அவ்வளவுதான். என் மகள் கண்ணை விரித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வார்த்தையை இழுத்துச் சொன்னாள். அதே விளம்பரச் சாய்ப்பு. நாங்கள் நான்கு வருடம் கைதட்டித் தட்டி வளர்த்தது.

மிஸ் திட்டவில்லை. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு டம்ளரை அவள் தலையில் வைத்தார். "இப்பச் சொல்லு." தலையைச் சாய்த்தால் கொட்டும், கண்ணை விரித்தால் புருவம் ஏறி டம்ளர் ஆடும். மூன்று முறை நனைந்தாள். நான்காவது முறை எதுவும் செய்யாமல், தரையைப் பார்த்தபடி, "எங்கயும் இல்ல" என்றாள், தட்டையாக, கொஞ்சம் எரிச்சலோடு. எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற குரல். அறையில் யாரும் சிரிக்கவில்லை. குரல் உடைந்துகொண்டிருந்த ஒரு பையனை அதே மிஸ், உடைகிற இடத்தை மறைக்காதே, அங்கேயே நிறுத்தி மூச்சு வாங்கு என்று விட்டார். அவன் கேலிக்குப் பயந்து இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தவன்.

பயிற்சி முடிந்த பிறகு ஒரு வேடத்துக்கு வீடியோ அனுப்பினோம், விண்ணப்பத்தில் நான் பழக்கத்தில் பெயருக்கு முன்னால் "பேபி" என்று தட்டிவிட்டேன். "அப்பா, நகரு" என்று சொல்லிவிட்டு அவளே அதை அழித்தாள். இரண்டாம் சுற்று வரை கூப்பிட்டார்கள், கிடைக்கவில்லை. எடுக்கப்பட்டவருக்கு எத்தனை வயது என்று நான் கேட்கவில்லை.

சமூக வலைத்தளத்தில் பின்தொடர்கிறவர்களை ஏற்றித் தருகிறோம் என்று தனியாக ஒரு பேக்கேஜ் விற்பார்கள், வாங்காதீர்கள். கடைசியில் கொடுத்த தொடர்புப் பட்டியலில் இரண்டு முகவரிக்கு அனுப்பிய மெயில் அப்படியே திரும்பி வந்தது. பரீட்சைக்காக விட்ட இரண்டு வகுப்புக்கு மாற்று வகுப்பும் தரவில்லை.

சேர்க்கிறவர்கள், சனிக்கிழமை மிஸ் அடுத்த பேட்ச்சிலும் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அவர் வகுப்பை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று நானும் கேட்டேன். "பார்த்துச் சொல்றோம் சார்" என்றார்கள், ஆறு வாரம் ஆகிறது.