சைலன்சரா, ஸ்ப்ராக்கெட்டா: ஒரு பழைய ஆர்15க்கு 25,000 ரூபாய்

என் வண்டியும் சித்தப்பா மகன் வண்டியும் ஒரே வருடம், ஒரே மாடல். 2012இல் எடுத்த யமஹா ஆர்15, வெர்ஷன் 2. என்னுடையது நீலம், பாண்டிப் பதிவு. அவனுடையது சிவப்பு, டிஎன்-31. வாங்கிய புதிதில் ஞாயிறு விடிந்தால் நான் கடலூர் சில்வர் பீச்சில் நிற்பேன், இல்லாவிட்டால் அவன் காலாப்பட்டில் நிற்பான். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆகி, வண்டிகள் இரண்டும் பால் பாக்கெட் வாங்கப் போய்வந்தே கிழடு தட்டிவிட்டன. 2024 தொடக்கத்தில் இருவருக்கும் ஒரே சமயத்தில் பழைய ஆசை திரும்பியது. ஆளுக்கு 25,000 ரூபாய். அதற்குமேல் போனால் வீட்டில் கணக்குச் சொல்ல முடியாது. அவன் சைலன்சர், ஏர் ஃபில்டர், இன்ஜெக்‌ஷனைத் திருத்தும் பெட்டி என்று போனான். நான் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்), டயர், பிரேக், சஸ்பென்ஷன் என்று போனேன். அதன்பின் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம்.

அடிப்படைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வெர்ஷன் 2இன் இன்ஜின் 149.8 சிசி, நான்கு வால்வு, தண்ணீரில் குளிரும் வகை. நிமிடத்துக்கு 8,500 சுற்றில் 17 பிஎஸ் குதிரைச்சக்தி, 7,500 சுற்றில் 15 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வண்டி எடை 136 கிலோ. ஆறு கியர். இந்த இன்ஜினுக்கு உயிரே மேல் சுற்றில்தான். 6,000க்குக் கீழே அது சாதுவான 150 சிசி வண்டி, அவ்வளவுதான்.

பாகங்களை வாங்குவதற்கு முன்பு நெல்லித்தோப்பில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் இரண்டு வண்டியையும் விட்டோம். பார்த்துவிட்டு, "தம்பி, இதுல புதுசா பவர் ஏத்துறது அப்புறம் இருக்கட்டும். இருந்த பவர் எங்க போச்சுன்னு மொதல்ல பாப்போம்" என்றார். ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். என் சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றது. பின் டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன் உப்புக்காற்றில் பூத்துப்போய், பேடை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதாவது பல மாதங்களாக நான் பிரேக் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறேன்! அவன் வண்டியில் எக்ஸாஸ்ட் பக்க டேப்பெட் (வால்வுக்கு விடும் இடைவெளி) இறுகிப்போய் வால்வு சரியாக மூடாமல் இருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததற்குக் காரணம் அதுதான். டேப்பெட், த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் சுத்தம், புது ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் முடித்து வெளியே எடுத்தபோது, பாதி ஆசை அங்கேயே தீர்ந்துவிட்டது. கடற்கரையோரம் இருக்கும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம்மூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

இனி அவன் வழி. சைலன்சர் வந்து இறங்கிய அன்றைக்குக் கையில் தூக்கிப் பார்த்தேன். கம்பெனி சைலன்சரோடு ஒப்பிட்டால் பாதிகூட இருக்காது. எடை குறைந்தது நிஜமான லாபம், அதை நான் மறுக்கவில்லை. சத்தம்? அவன் தெருவில் நுழைவதற்குள் சித்தி தோசைக்கல்லை வைத்துவிடுவார். ஆனால் சைலன்சரையும் கூம்பு ஃபில்டரையும் மட்டும் மாற்றிய முதல் வாரம் வண்டி முன்பைவிட மோசமாக ஓடியது. காற்று அதிகமாக உள்ளே போகிறது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது. கலவை வறண்டு, ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் பட்பட்டென்று வெடித்தது. சும்மா நின்றால் ஃபேன் அடிக்கடி ஓடியது. அதைச் சரிக்கட்டத்தான் அந்தப் பெட்டி. இன்ஜெக்டருக்குப் போகும் சிக்னலை இடைமறித்துப் பெட்ரோலைக் கூட்டும். அதைச் சரியாக அமைக்கக் கலவையை அளக்கும் கருவி வேண்டும். பாண்டியில் அவனுக்கு அது கிடைக்கவில்லை, சென்னை வரை ஒருநாள் போனான். கையிருப்பு அங்கே காலி, மேலே கடன்.

சரி, பலன் என்ன? 8,000 சுற்றுக்கு மேல் வண்டி துடிப்பாக ஓடுகிறது. முன்பு 9,000இல் மூச்சு வாங்கிய இடத்தில் இப்போது இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. கீழே, 3,000 முதல் 5,000 வரை, கொஞ்சம் மந்தமாகிவிட்டது. ரெட்டிச்சாவடி பக்கம் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மூன்றாம் கியரில் இடைவெளி பார்த்து முந்தும்போது அந்த மந்தம் கையில் தெரியும். பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே இருப்பது சுமார் 22 கிலோமீட்டர். அரியாங்குப்பம், கன்னிக்கோயில், முள்ளோடை என்று ஊர் முடியாமல் ஊர் தொடரும் சாலை. அதில் 8,000 சுற்றை எத்தனை முறை தொட முடியும்?

இன்னொன்று, மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் பல தெருக்கள் மூழ்கின. அவன் வாசலிலும் தண்ணீர். திறந்தபடி இருந்த கூம்பு ஃபில்டர் சேற்றுத்தண்ணீரைக் குடித்துவிட்டது. நல்லவேளை, ஸ்டார்ட் செய்யாமல் எனக்குப் போன் போட்டான். ஸ்டார்ட் செய்திருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்க் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும். கம்பெனி தரும் ஏர் ஃபில்டர் பெட்டி பார்க்க அசிங்கமாக இருக்கலாம். ஆனால் அது உள்ளே மறைவாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு.

இப்போது என் வழி. இதில் யாரும் திரும்பிப் பார்க்கும்படி ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

வெர்ஷன் 2இல் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு 15 பல், பின்னதற்கு 47. விகிதம் 3.133. முன்னால் 15ஐ எடுத்து 14 போட்டால் விகிதம் 3.357 ஆகிறது. எல்லாக் கியரிலும் பின்சக்கரத்தில் இழுவிசை சுமார் 7 சதவீதம் கூடுகிறது, இன்ஜினைத் தொடாமலே. இந்த இன்ஜினில் அதே 7 சதவீதத்தை முறுக்குவிசையாக எடுக்க வேண்டுமென்றால் எவ்வளவு செலவாகும் என்று அவனைக் கேட்டால் சொல்வான். பதிலுக்கு என்ன இழப்பு? ஆறாம் கியரில் 80இல் போகும்போது முன்பு 5,500 காட்டிய முள் இப்போது 5,900 காட்டுகிறது. நெடுந்தூரம் போனால் கைப்பிடியில் அதிர்வு கூடுதல், மைலேஜ் சற்றுக் குறைவு. முன் பல் குறைந்தால் செயின் இன்னும் இறுக்கமாக வளைந்து சுற்ற வேண்டும், அதனால் தேய்மானமும் கூடும். பின்னால் 50 பல் போட்டும் ஏறத்தாழ இதே விகிதத்தைக் கொண்டுவரலாம், அதில் செயினுக்கு நல்லது. ஆனால் செயின் நீளம் கூட்ட வேண்டியிருக்கும். நான் சோம்பேறி, 14ஐப் போட்டேன். செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்றினேன். பழைய செயினில் புது ஸ்ப்ராக்கெட் போடுவது காசைக் கடலில் போடுவது.

டயரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எனக்கும் பின்னால் 140 போட ஆசைதான், பார்க்க அழகு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி தந்தது 130/70, 17 அங்குலம்: அகலம் 130 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம். அதன் விட்டம் ஏறத்தாழ 614 மில்லிமீட்டர். 140/70 போட்டால் 628. சக்கரம் 2.3 சதவீதம் பெரிதாகிறது, ஸ்ப்ராக்கெட்டில் சம்பாதித்த 7இல் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். எடை வேறு கூடும், அதுவும் சுழலும் இடத்தில் கூடும் எடை. ரிம்மோ பழைய அகலம்தான், டயர் பிதுங்கி உட்காரும். அதனால் அதே 130/70 ரேடியலை, நல்ல பிடிமானம் உள்ள ரப்பரில் வாங்கினேன், முன்னால் 90/80. பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போனது. பழைய டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 2314. அதாவது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பத்து வயது ரப்பர் கல்லாகியிருந்தது. மழையில் இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவைச் சுற்றும்போது பின்சக்கரம் வழுக்கியதற்கு இத்தனை நாள் சாலையைத் திட்டியிருக்கிறேன்.

மிச்சக் காசில் முன் ஃபோர்க்குக்குப் புது சீலும் ஆயிலும், கைப்பிடி திரும்பும் இடத்தில் கோன் செட் பேரிங், ஸ்டீல் பின்னல் போட்ட முன் பிரேக் ஹோஸ், நல்ல பேட். பத்து வருட ரப்பர் ஹோஸ் பிரேக் பிடிக்கும்போது உள்ளுக்குள் வீங்கும். புது ஹோஸில் லீவர் கல் மாதிரி நிற்கிறது. பின் மோனோஷாக்கை மாற்றக் காசு மிஞ்சவில்லை, அது இன்னும் பழசுதான், பள்ளத்தில் இரண்டு முறை ஆடித்தான் அடங்குகிறது.

ஒரு ஞாயிறு விடிகாலை, மரக்காணம் போகும் சாலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். நான்காம் கியரில் 50இல் இருந்து 80 வரை ஒன்றாக முறுக்கினால் நான் முன்னால் போய்விடுகிறேன், ஒவ்வொரு முறையும். வண்டியை மாற்றி அவன் என்னுடையதில் உட்கார்ந்தாலும் அதே கதைதான், ஆகவே ஆள் எடை காரணம் இல்லை. மூன்றாம் கியரில் 75க்கு மேல், சுற்று 8,000ஐத் தாண்டியபின், அவன் வண்டி மெல்ல எட்டிப்பிடிக்கிறது. அதற்குமேல் பொதுச்சாலையில் சோதித்துப் பார்க்கிற வயது இருவருக்கும் தாண்டிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் விட்டால் நேர்ச்சாலையில் அவன் ஜெயிப்பான் என்றே நினைக்கிறேன். வளைவுக்கு முன்னால் யார் தாமதமாகப் பிரேக் பிடிப்பது என்று வந்தால் நான்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 80 முதல் 175 சிசி வரையுள்ள வண்டிகளுக்குத் தயாரிப்புக் கட்டத்தில் 77 டெசிபல்தான் சத்த வரம்பு. அவன் சைலன்சர் அதைக் காதாலேயே மீறும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியின்றி வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முள்ளோடை எல்லையில் போலீசைப் பார்த்தால் அவன் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த நாட்கள் உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றத்தைக் காட்டியே பணத்தை மறுக்கலாம். தேய்ந்த டயருக்கு அதே அளவு டயர், தேய்ந்த பேடுக்குப் புது பேட் என்றால் அந்தப் பயம் இல்லை. என் ஒரு பல்லை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, அதற்காக அது மாற்றமே இல்லை என்று வாதாட மாட்டேன்.

இன்ஜினைப் பெரிதாக்குவது பற்றி இரண்டு வரி போதும். இதன் சிலிண்டர் யமஹாவின் டயாசில் வகை. உள்ளே இரும்பு லைனர் கிடையாது, சிலிக்கான் கலந்த அலுமினியமே சுவர். பழைய ஆர்எக்ஸ் 100க்குச் செய்வதுபோல லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கும் வேலை இதற்கு ஒத்துவராது. பிளாக்கையே மாற்ற வேண்டும், அல்லது உள்ளே புது லைனர் (ஸ்லீவ்) அடிக்க வேண்டும். வெர்ஷன் 3 இன்ஜினை எடுத்து இதில் வைக்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பருக்கு என்ன பதில் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

உண்மையிலேயே குதிரைச்சக்திதான் வேண்டுமென்றால் பழசை விற்று, மேலே காசு போட்டு 2018 அல்லது 2019 வெர்ஷன் 3ஐ பழையதாக வாங்குவதுதான் நேர்வழி. 155 சிசி, 10,000 சுற்றில் 19.3 பிஎஸ், 7,400 சுற்றில் வால்வின் போக்கை மாற்றும் விவிஏ, சட்டென்று கியர் குறைத்தாலும் பின்சக்கரம் வழுக்காமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச். 2019 மாடலில் ஏபிஎஸ்ஸும் உண்டு. எந்தச் சைலன்சரும் வெர்ஷன் 2க்கு இதைத் தராது. இடுப்புவலிக்காரர்கள் மட்டும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கவும். கைப்பிடி நன்றாகக் குனிய வைக்கும்.

போன மாதம் அவன் அதைத்தான் செய்தான். சிவப்பு வண்டியைப் பார்க்க வந்த மூன்று பேரும் முதலில் கேட்டது, "ஒரிஜினல் சைலன்சர் இருக்கா?" காயலான் கடையில் போட்டுவிட்டிருந்தான். திருப்பாதிரிப்புலியூர் முழுக்கத் தேடி, கீறல் விழுந்த ஒன்றை வாங்கி மாட்டித்தான் கைமாற்ற முடிந்தது. இப்போது வெர்ஷன் 3 அவன் வாசலில் நிற்கிறது. போன ஞாயிறு போன் செய்து, "அண்ணே, இதுலயும் முன்னாடி 14 பல் போட்டுடலாமா?" என்றான். போய் எண்ணிப் பாருடா என்றேன். எண்ணிவிட்டு வந்து சிரித்தான். அதில் கம்பெனியே 14க்கு 48 போட்டு அனுப்பியிருக்கிறது. பின்னால் இருக்கும் 140/70 டயரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வெர்ஷன் 2ஐவிட 7 சதவீதம் இழுவையான விகிதம்.