ஹோட்டன் சமவெளியில் யானை காட்டுகிறோம் என்றவனிடம் 168,000 ரூபா கொடுத்தோம்

முந்தாநாள் இரவு பஸ்ஸில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். பைகளை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

168,000 ரூபா. இரண்டு பேருக்கு, ஆறு நாளுக்கு. கல்யாணமாகி மூன்று வருடத்தில் நானும் மனைவியும் சேர்ந்து போக நினைத்த முதல் பயணம் இது. காசில் பாதி அவளுடைய சீட்டுக் காசு, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

பேஸ்புக்கில் ஒரு பக்கம், காலி வீதியில் ஒரு மாடியில் மேசையும் இரண்டு கதிரையும் போட்ட பயண ஏற்பாட்டு இடம். அவ்வளவுதான் சொல்வேன். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவேன் என்று அதை நடத்தியவனே வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.

பெக்கேஜைக் கேளுங்கள். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இரண்டு இரவு, புறாமலைத் தீவுக்குப் போட்டில் போய் முருகைக்கற்பாறை பார்ப்பது. அங்கிருந்து நுவரெலியா, ஹோட்டன் சமவெளியில் 'ஜீப் சஃபாரி'. கடைசியில் தெற்கே மிரிஸ்ஸயில் திமிங்கிலம், ஹிக்கடுவையில் அடியில் கண்ணாடி போட்ட போட். எல்லாம் ஓகஸ்ட் மாதத்தில்!

கிழக்குக் கடல் தெளிந்து கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று தெற்கையும் மேற்கையும் போட்டு அடிக்கும். மிரிஸ்ஸயில் திமிங்கிலக் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். ஹிக்கடுவையில் 1998 இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தது போக மிச்சமிருப்பதைக்கூட அந்தக் கலங்கல் தண்ணீரில் பார்க்க முடியாது. நான் இருப்பது வெள்ளவத்தையில். ஓகஸ்டில் கடல் எப்படி இரைகிறது என்று ஒவ்வொரு இரவும் படுக்கையில் கிடந்து கேட்கிறவன். எனக்கே உறைக்கவில்லை.

விளம்பரத்தில் இன்னொரு படம். மூடுபனி மலை, புல்வெளி, நடுவில் யானைக் கூட்டம். கீழே 'ஹோட்டன் சமவெளி' என்று கொட்டை எழுத்து. அங்கே யானைகள் எப்போதோ இல்லாமல் போய்விட்டன. இருப்பது மரையும் மந்தியும், கண்ணில் பட்டால் சிறுத்தையும். சுற்றுப்பாதையில் ஜீப் ஓடாது. உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ள விளிம்பையும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியையும் பார்க்க சுமார் ஒன்பது கிலோமீற்றர் நடக்க வேண்டும். அதற்கும் விடியப்புறமே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து, உலக முடிவில் வெள்ளைச் சீலை விரித்த மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் ஏமாந்த பிறகு, நிலாவெளி வாசல்படியில் குந்தியிருந்து போனில் படித்தது.

அப்படியானால் ஏன் நம்பினாய் என்று அண்ணன் கேட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

மனைவிக்கு நீந்தத் தெரியாது. அந்த மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு கடல் வேண்டாம் என்று என் கையைச் சுரண்டினாள். அவன் கவனித்துவிட்டான். மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, என்ட வைஃபுக்கும் நீந்தத் தெரியாது. லைஃப் ஜெக்கட் போட்டு, நான்தான் கையைப் பிடிச்சுக்கொண்டு காட்டினனான். நீங்க பயப்பிடாதீங்க." பிறகு அவளுடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை மரக்கறி தானே அக்கா?" என்று கேட்டு, எங்கள் கண் முன்னாலேயே கொப்பியில் எழுதினான். நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. அந்த ஒரு வரியில்தான் இருவரும் விழுந்தோம். வெளியே வந்து படியிறங்கும்போது "எங்கட பொடியன்" என்று அவளிடம் சொன்னதும் நான்தான்.

"கம்பனிக் கணக்கில ஓடிட் நடக்குது அண்ணா, என்ட கணக்குக்குப் போட்டுவிடுங்க, பற்றுச்சீட்டு இப்பவே தாறன்." வங்கிச் செயலியில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். 168,000.

நிலாவெளி வரை வான் வந்தது. இறக்கிவிட்டதும் சாரதி திரும்பிவிட்டார். "எனக்கு இறக்கிவிட மட்டும்தான் சொன்னது சேர்." விடுதியில் எங்கள் பெயர் இருந்தது, காசு வந்திருக்கவில்லை. விடுதி நடத்தும் அம்மா பாவம், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாடகையைக் குறைத்தார். அவனுக்குக் கோல் எடுத்தேன். "எக்கவுண்டன்ட் லீவு அண்ணா, பின்னேரம் போட்டுவிடுறம்."

வந்தது வந்துவிட்டோம் என்று அடுத்த நாள் வனசீவராசிகள் திணைக்களக் கவுண்டரில் நாங்களே டிக்கட் எடுத்து, நாங்களே போட் பிடித்துப் புறாமலைக்குப் போனோம். சொன்னால் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்தது. கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள், மிதித்தால் சட்டி ஓடு மாதிரிச் சத்தம். வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படை இந்தத் தீவைக் குறிவைத்துச் சுட்டுப் பழகியதாம், போட்காரர் சொன்னார். 2003 இல்தான் தேசியப் பூங்காவாக்கினார்கள். போட்காரரே என் மனைவியின் கையைப் பிடித்து மெதுவாகத் தண்ணீருக்குள் கூட்டிப்போனார். சற்றுத் தள்ளி முதுகுச் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று எங்களைக் கவனிக்காமலே போனது. ஒன்றும் செய்யாது என்றார். அவள் முகமூடிக்குள்ளேயே சிரித்தாள். இந்தக் கையைப் பிடிக்கிற வேலைக்குத்தானே அவன் அவ்வளவு காசு வாங்கினான்!

மூன்றாம் நாள் விடிய ஐந்து மணிக்கு நுவரெலியா வான். ஐந்துக்கு, "வெளிக்கிட்டிட்டுது அண்ணா." ஏழுக்கு, "ஹபரணையில டயர் போயிட்டுது." பத்துக்கு போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பின்னேரம் வேறு நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "அவர் இப்ப இங்க வேலை செய்யிறதில்ல சேர்." காசு? "பதினாலு வேலை நாளில பார்ப்பம்." இரவு பஸ்ஸில் ஏறிய பிறகு ஒரு செய்தி வந்தது: பயணத்தை இடையில் நிறுத்தியது நாங்களாம், அதனால் ஒரு ரூபாவும் திருப்பித் தர முடியாதாம். மூன்று முறை படித்தேன். நிறுத்தியது நாங்கள்!

நேற்றுக் காலை அந்த மாடிக்குப் போனேன். அதே மேசையில் வேறொருவர் இருந்து விமான டிக்கட் போட்டுக்கொண்டிருந்தார். "அவங்க மாச வாடகைக்கு இருந்தவங்க, போன கிழமையே விட்டுட்டாங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். போன கிழமை! அப்படியென்றால் எங்கள் வான் வெளிக்கிடும்போதே அவன் அங்கே இல்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒழுங்காக எழுத நினைத்தேன், தலை இடிக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்று பாருங்கள். தனி ஆளின் கணக்குக்கு ஒரு சதமும் போடாதீர்கள், என்ன ஓடிட் நடந்தாலும். காசு கட்டிய அடுத்த நாளே விடுதிக்கு நீங்களே கோல் எடுத்துக் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. ஓகஸ்டில் யாராவது மிரிஸ்ஸயில் திமிங்கிலம் காட்டுகிறேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். இன்னும் இருந்தது, மறந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி தன் போனை நீட்டினாள். வேறு பெயரில் ஒரு பக்கம், அதே மூடுபனி, அதே யானைகள், 'செப்டெம்பர் ஜோடிச் சலுகை'. கீழே பதின்மூன்று பேர் விலை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இதுவரை இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறார்கள்.