யுவேலு கல்விக்கழகம்: அரை நாளாவது ஒதுக்குங்கள்

சீனத்தின் ஹுனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில், யுவேலு மலையடிவாரத்தில் உள்ள இந்தக் கன்பூசியக் கல்விக்கழகத்துக்கு ஆயிரம் ஆண்டுப் பழைய மரத்தூண்களைத் தொட்டுப் பார்க்கும் ஆசையோடு போகிறவர்கள் ஏமாந்து திரும்பக்கூடும். 976ஆம் ஆண்டு, வட சோங் அரசர்கள் காலத்தில் தொடங்கப்பட்ட இது, போர்களில் பலமுறை அழிந்து மீண்டும் எழுந்தது. இதன் நூலக மாடம் 1938இல் ஜப்பானியக் குண்டுவீச்சில் தரைமட்டமாகி, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. இன்று காண்பவற்றில் பெரும்பாலானவை சிங் அரசமரபுக் (1644–1912) காலத்தவை.

நாங்கள் பணம் கட்டிய சுற்றுலாச் சேவையார் இவ்விடத்துக்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். அதிலும் பாதி, 'சூ நாட்டில்தான் அறிஞர்கள் உண்டு; அவர்கள் மிகுந்திருப்பது இங்கே' (சூ என்பது இப்பகுதியின் பண்டைய அரசு) என்று தற்பெருமை பேசும் நுழைவாயில் ஈரடிக் கவிதையின் முன் படம் எடுப்பதிலேயே போய்விட்டது. ஆகவே மறுநாள் தனியாகப் போனேன்.

போனதற்குப் பலன் விரிவுரைக் கூடத்தில் கிடைத்தது. மேடையில் இரண்டு நாற்காலிகள் அருகருகே போடப்பட்டிருக்கின்றன. 1167இல் ஃபுஜியான் பகுதியிலிருந்து வந்த கன்பூசிய அறிஞர் ஜூ ஷியும் இங்கே தலைமை தாங்கிய ஜாங் ஷியும் ஏறத்தாழ இரண்டு மாதம் கருத்து மோதியதன் நினைவு அது. கேட்க வந்தவர்களின் குதிரைகள் குடித்தே குளம் வற்றிப்போனதாகச் சொல்வார்கள். ஒரே ஆசிரியர் பேச மற்றவர்கள் தலையாட்டுவதுதான் கன்பூசியக் கல்வி என்று எண்ணியிருந்த எனக்கு அந்த இரண்டாவது நாற்காலி ஒரு திருத்தம். சுவரில் பதித்த கல்லில் 1748ஆம் ஆண்டின் பதினெட்டு மாணவர் விதிகள் இருக்கின்றன. 'பெற்றோரை அடிக்கடி நலம் விசாரி' என்று தொடங்குகிறது முதல் விதி. இரவில் படித்தாலும் காலையில் தாமதமாக எழக்கூடாது என்கிறது இன்னொன்று (விடுதி வாழ்க்கை எக்காலத்திலும் ஒன்றுதான் போலும்). கடைசி விதியோ, ஐயமும் பிழையும் கண்டால் விடாமல் வாதாடு என்கிறது. பணிவில் தொடங்கி வாதத்தில் முடியும் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்ட யாராவது உடன் இருந்தால் மட்டுமே கூடத்தின் அருமை விளங்கும். சீனம் அறியாதவர்கள் மொழிபெயர்ப்பைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

காங்ஷி, சியான்லோங் பேரரசர்கள் வழங்கிய பெயர்ப்பலகைகளும் இக்கூடத்திலேயே தொங்குகின்றன. ஒட்டியுள்ள கன்பூசியஸ் கோயிலை விரைவாகப் பார்த்துவிடலாம். 1903இல் புதுமுறைப் பள்ளியாக மாற்றப்பட்டு, 1926இல் ஹுனான் பல்கலைக்கழகம் ஆன இந்நிறுவனத்தில் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள் என்பதால், முற்றங்களில் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். மிச்ச நேரம் இருந்தால், மலைச்சரிவில் சற்று மேலே, கல்விக்கழகத் தலைவர் லுவோ தியான் 1792இல் எழுப்பிய மண்டபம் வரை ஏறலாம். மேப்பிள் இலைகள் சிவக்கும் பருவமாக இருந்தால் கட்டாயம் ஏறுங்கள்.