ஹை-ரெஸ் முத்திரையை நம்பி ஓராண்டுச் சந்தா கட்டிவிடாதீர்கள்

'ஹை-ரெஸ்', அதாவது உயர்தர ஒலி என்று சொல்லும் இசைச் செயலிகளில் எதற்குப் பணம் கட்டலாம் என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

சென்ற மார்கழியில் அப்படி ஒரு செயலியின் உச்சச் சந்தாவை எடுத்தேன். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதப் பணம் மிச்சம் என்றார்கள். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டினேன். இருபது ஆண்டுகளாக சிடியில் நான் கேட்டுவரும் வீணைக் கச்சேரி ஒன்று அதில், சிடியைவிட நுணுக்கமான பதிவு என்று காட்டும் '24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்' முத்திரையோடு இருந்தது. ஆசையாகப் போட்டேன். தனி ஆவர்த்தனம் வந்ததும் மனம் விட்டுப்போயிற்று. கஞ்சிராவில் கோத்திருக்கும் நாணயங்களின் கிலுங்கல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்து கிடந்தது. தம்புராவின் ரீங்காரம் ஸ்வரங்களுக்கு நடுவே அறுந்து அறுந்து வந்தது.

முதலில் ப்ளூடூத் ஹெட்போனைச் சந்தேகித்தேன். அது நியாயமான சந்தேகம்தான். சிடி தரத்துக்கே நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எல்டிஏசி என்ற உயர்தர ப்ளூடூத் முறைகூட அதிகபட்சம் 990 தான் கடத்தும். ஆகவே டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றித்தரும் தனி டிஏசி கருவியும் கம்பி ஹெட்போனும் வைத்துக் கேட்டேன். எந்த மாற்றமும் இல்லை. கடைசியில் அந்த ஒலியைக் கணினியில் பதிந்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைமாலைப் படம் எடுத்தேன்; எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று அது காட்டும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமே இல்லை. சிடியிலோ ஒலி 20-ஐத் தாண்டிப் போயிருந்தது. என் வயதில் அந்த உயரம் காதுக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் அந்த வெட்டு, ஒலியின் சில பகுதிகளை வெட்டிச் சுருக்கும் தரம் குறைந்த எம்பி3 விட்டுச்செல்லும் தடம். எம்பி3-ஐப் பெரிய பெட்டியில் போட்டு, பெட்டியின் அளவைக் காட்டி என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

படத்தோடு புகார் அனுப்பினேன். "இசை நிறுவனம் தந்த கோப்பையே ஒலிபரப்புகிறோம், ஆண்டுச் சந்தாவுக்குப் பணம் திரும்பாது" என்று மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. கோப்பு யார் தந்ததாக இருந்தாலும் முத்திரை குத்தி விற்றவர்கள் இவர்கள்தானே? அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

எதையும் வெட்டாமல் சுருக்கும் இழப்பில்லா ஒலிக்கென்று தனிக் கட்டணம் வேண்டியதும் இல்லை. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலேயே அதை வழக்கமான சந்தாவுக்குள் கொண்டுவந்துவிட்டது. 'மாஸ்டர்ஸ்' என்ற பெயரில் எம்க்யூஏ என்ற தனியுரிமைச் சுருக்க வடிவக் கோப்புகளைத் தந்துவந்த டைடல் இசைச் செயலி, 2024 ஜூலையில் அவற்றைக் கைவிட்டு ஃப்ளாக் என்ற இழப்பில்லா வடிவத்துக்கு மாறியது. முத்திரையின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாதச் சந்தா போதும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பதிவை, சிடி இருந்தால் அதனோடு சேர்த்து, கம்பி ஹெட்போனில் கேளுங்கள். யுபிஐ மூலம் கட்டியிருந்தால் தானியங்கிக் கட்டண அனுமதியை யுபிஐ செயலிக்குள் போய் இன்றே ரத்து செய்யுங்கள். என் கணக்கில் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து அந்த அனுமதி பதிவாகியிருந்ததை நேற்றுதான் கவனித்தேன்.